நிறம் நீங்கிய தண்ணீர்

ஆலைக்கழிவு பற்றிய தமிழ்க் கதைகளையும் கவிதைகளையும் தொடர்ந்து வாசிக்கிற ஒருவருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். அவற்றில் தண்ணீர் எப்போதும் ஒரு நிறத்தோடுதான் வருகிறது. சிவப்பு வாய்க்கால், நீல ஆறு, கருத்த குட்டை. நிறம் இல்லையென்றால் நுரை, நுரையும் இல்லையென்றால் செத்து மிதக்கும் மீன். எழுதுகிறவர் கண்ணால் பார்க்கிறார், நமக்கும் கண்ணுக்கே காட்டுகிறார். இந்தப் பார்வை நம்மை ஒரு முக்கியமான இடத்தில் கைவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்த இடம் எது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-இல் வந்தது. திருப்பூரை 'டாலர் சிட்டி' என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்த காலம். பனியன் ஏற்றுமதிக் கணக்கு ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கொண்டிருந்தபோது, அதன் மறுபக்கமாக நொய்யலையும் சாயக்கழிவையும் ஒரு நாவலின் நடுவில் வைத்ததற்குத் துணிச்சல் வேண்டும். அந்த நாவலைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தத் தலைப்புக்குள் ஒரு வாசிப்புமுறை இருக்கிறது: சாயம் ஒரு திரை, விலக்கினால் பின்னாலுள்ளது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வந்த சூழலியல் எழுத்து இந்த முறையை அப்படியே வாங்கிக்கொண்டது. நொய்யலைப் பற்றி எழுதினாலும் சரி, பாலாற்றைப் பற்றி எழுதினாலும் சரி, நிறத்தைச் சொன்னால் குற்றத்தைச் சொன்னதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சரி, நிறத்தை நிஜமாகவே எடுத்துவிட்டால்?

எடுக்க முடியும். எடுக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இலக்கியக் கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது உப்பைப் பற்றித்தான். உப்பு போடலைன்னா கலர் ஏறாது. நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. சாய மூலக்கூறுக்கும் அதே சுமை. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் அந்த விலக்கம் தணிந்து சாயம் துணியின் பக்கம் தள்ளப்படுகிறது. அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் அளவுக்குத்தான் உப்பு. ஆக, சாயத்தொட்டி கடலைவிடக் கரிக்கும். வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு போகாது. போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும்.

இப்போது சுத்திகரிப்பு. கழிவுநீரில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கலக்கினால் சாயம் திரண்டு அடியில் படிகிறது. அடுத்தது காற்றூட்டும் தொட்டி. அங்கே நுண்ணுயிர்கள் தின்னக்கூடியதைத் தின்கின்றன. மிச்ச நிறத்துக்கு ஓசோன், குளோரின், கரி என்று ஏதாவது ஒன்று. கடைசியில் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டலாம். வந்த விருந்தாளிகள் தலையாட்டுவார்கள். டம்ளரில் இருப்பது பச்சைத்தண்ணி மாதிரியே இருக்கும். உள்ளே உப்பு அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் நிறத்தை எடுக்கப் போட்ட மருந்துகளால் கரைந்த உப்பின் அளவு கொஞ்சம் கூடியும் இருக்கும்.

உப்பைப் படியவைக்கும் மருந்து கிடையாது. உப்பை எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரைத்தான் அதிலிருந்து எடுக்க வேண்டும். சவ்வு வழியாக அழுத்தி வடிகட்ட வேண்டும், அதில் தங்கும் கரைசலைக் கொதிக்கவிட்டு ஆவியாக்க வேண்டும். செலவெல்லாம் இங்கேதான். மின்சாரம், விறகு, நிலக்கரி. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன வழக்கில் பட்டறைகள் சிக்கிக்கொண்டதும் இங்கேதான். நிறம் போன கழிவு போதாது, ஒரு சொட்டுக்கூட வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கு முன்பே ஒரத்துப்பாளையம் அணை இருந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை. பிறகு கீழ்ப்பகுதி விவசாயிகளே அதன் தண்ணீரைத் திறந்துவிடாதே என்று சொல்ல வேண்டிவந்தது. அணையைத் திற என்று போராடிய கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. திறக்காதே என்று கெஞ்சியவர்களின் கதையை எழுத, நிறம் தெரிந்த கண் மட்டும் போதாது.

திருப்பூர் வழியாக வந்ததற்குக் காரணம், நான் எழுத நினைத்த நிலம் வேறு. அது பாலாற்றுப் பக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இங்கே உப்பு சாயத்துக்குத் துணையாக வருவதில்லை, அதற்கும் முன்னால் வந்துவிடுகிறது. ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, உரித்தவுடன் கெடாமலிருக்க உப்பைத் தூவி அடுக்குகிறார்கள். தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைப்பது. அந்த முதல் தொட்டியிலேயே உப்பெல்லாம் கரைந்துவிடும். அதன்பிறகு சுண்ணாம்பு, முடி உதிர்க்கச் சோடியம் சல்ஃபைடு, மறுபடி உப்பும் அமிலமும், அப்புறம்தான் குரோமியம். குரோமியம் ஏறிய தோல் வெளிர்நீலமாக இருக்கும். தொழிலில் அதற்குப் பெயரே 'வெட் புளூ'. அந்தக் கழிவைத் தனியே பிடித்தால் குரோமியத்தைப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து, திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். நிறமுள்ளதற்கு விலை உண்டு, மீட்க வழியும் உண்டு. உப்பை யார் மீட்பார்கள்?

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போனால் அமிர்தி. ஜவ்வாது மலை அடிவாரம். காடு, சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை, மழைக்காலத்தில் அருவி. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சுற்றுலா என்றால் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அமிர்திதான். ஊர்ப் பெயரிலேயே அமிர்தம் இருக்கிறது. பாறைமேல் ஓடுகிற தண்ணீரில் அடியிலுள்ள கூழாங்கல் தெரியும். தமிழில் நல்ல தண்ணீர் என்று எழுதவேண்டுமானால் எல்லோருக்கும் மனதில் வருவது இப்படியொரு ஓடைதான். 'தெளிவு' என்ற சொல்லையே பாருங்கள். கலங்கலற்ற நீருக்கும் அதுதான், குழப்பமற்ற அறிவுக்கும் அதுதான். கண்ணுக்குத் தெரிவதை நம்பு என்று மொழியே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அதே மலைத்தொடரின் அந்தப்பக்கம், பாலாற்றங்கரையில், பல கிணறுகளிலும் தண்ணீர் இதே மாதிரித் தெளிவாகத்தான் இருக்கிறது. எட்டிப்பார்த்தால் முகம் தெரியும். வாயில் வைத்தால்தான் வித்தியாசம். "தண்ணி கரிக்குது" என்பார்கள். வேகாத பருப்பு, நுரைக்காத சோப்பு, பாத்திரத்தில் வெள்ளையாக ஏறும் படிவு, வயலில் விதைத்ததும் மேலே பொரியும் உப்பு. சோடியம் ஏறிய களிமண் இறுகிவிடும், மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. இதில் எந்த இடத்திலும் நீலமோ சிவப்போ இல்லை. நாக்கும் அடுப்பும் மண்வெட்டியும் கண்டுபிடிக்கிற விஷயம் இது. நம் புனைவு அமிர்தியின் ஓடையையும் எழுதும், சாயவாய்க்காலையும் எழுதும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கிணறு அதற்கு அகப்படவில்லை.

அகப்படாததற்குச் சொல்வளம் இல்லாததைக் காரணமாகச் சொல்ல முடியாது. உவர், களர், சவர், கரிப்பு என்று உப்புக்குத் தமிழில் எத்தனை சொல். சங்கப் பாடல்களில் உமணர் கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நெய்தலிலிருந்து உப்பு எழும்பி வண்டிச்சக்கரங்களோடு மற்ற திணைகளுக்குள் நுழைகிற காட்சி அது. இன்றைக்கு அது லாரி. தோல்மண்டிக்கு வந்த உப்பு ஊறத்தொட்டியில் கரைந்து, சூரியவெப்பத்தில் காயவைக்கும் பாத்திகளுக்குப் போகிறது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பாலாற்றங்கரையில், தொழிற்சாலை வளாகத்துக்குள் உப்புப் பாத்தி! கழிவு கலந்த அந்த உப்பைத் திரும்பப் பயன்படுத்துவது லேசில்லை. அள்ளிக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள். மழைக்காலத்தில் பாத்தி காயாது. திணை மயக்கம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற நாம் இதை ஏன் கவனிக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

இந்த உப்பைக் கவனித்த ஒரு பிரதி உண்டு. அது கதையோ கவிதையோ இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில். நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. சட்ட மாணவர்கள் எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்துபவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கை, இரண்டையும் இந்திய சட்டத்தின் பகுதி என்று நிலைநிறுத்தியது இதுதான். இலக்கிய வாசகர்களும் இதை ஒருமுறை வாசித்துப்பார்க்க வேண்டும் என்பேன். விசித்திரமான பிரதி அது. ஸ்டாக்ஹோம் மாநாடு, ரியோ மாநாடு என்று உலகத்தைச் சுற்றுகிறது. பிளாக்ஸ்டனின் ஆங்கிலச் சட்ட விளக்கவுரைக்குள் நுழைந்து, அடுத்தவன் தண்ணீரைக் கெடுப்பது பழைய ஆங்கிலச் சட்டத்திலேயே குற்றம் என்று காட்டுகிறது. அந்தப் பகுதிகள் எனக்கு அலுப்பூட்டின. அதன் உயிர் வேறிடத்தில், கணக்குச் சொல்லும் பத்திகளில் இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோம் பதனிடுதலில் 170 வகை வேதிப்பொருட்கள். தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த ஆய்வில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன, பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல்கணக்கில் நடக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிற்பகுதியில் வரும் ஒரு சின்னத் தகராறு. கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு செல்லுமா என்பது. மத்திய அமைச்சகம் இதற்கென்று திட்டவட்டமான அளவு எதையும் சொல்லாமல் மாநில வாரியங்களிடம் விட்டிருந்தது. நீதிமன்றம், வாரியத்தின் வரம்பே செல்லும் என்றது. படிக்கும்போது கண் தாண்டிப்போகிற பத்தி. ஆனால் அந்த மொத்தத் தீர்ப்பிலும் கிணற்றடியில் நிற்கிற ஒருவரின் நாக்குக்கு மிக அருகில் வருவது அந்த 2,100-தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. நிறத்தை நுட்பமாக விவரிக்கும் நாவலாசிரியர்கள் தொடாத இடத்தை ஒரு நீதிபதி எண்ணாகத் தொட்டிருக்கிறார்.

எண் மட்டும் போதுமா என்றால், போதாது. அந்தத் தீர்ப்பில் மனிதர்கள் ஹெக்டேராகவும் கிணறாகவும்தான் வருகிறார்கள். அதன்படி அமைக்கப்பட்ட சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் முடித்த கணக்கும் அப்படித்தான். 1991 முதல் 1998 வரையான இழப்புக்கு, வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு ரூ. 26.82 கோடி. வகுத்துப்பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரும். ஏழெட்டு வருஷத்துக்கு. இந்த வகுத்தலைச் செய்யும்போது என்ன தோன்றுமோ, அதை எழுத எண்ணுக்கு வழியில்லை. புனைவு வரவேண்டிய இடம் அது.

டி. செல்வராஜின் 'தோல்' அங்கே வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 2010-இல் வெளியாகி 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளர்களின் அடிமைநிலை, சங்கம் கட்டியது, சாதியும் வர்க்கமும் பின்னிக்கிடந்த விதம் எல்லாவற்றையும் அகலமாக எழுதியது. சுண்ணாம்புக் குழியில் இறங்கும் உடலை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்த இன்னொரு நாவல் தமிழில் குறைவு. சூழலியல் எழுத்தில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த உடல்தான். ஆறு அழுகிறது, மீன் அழுகிறது, தொட்டிக்குள் நிற்கிறவரை யாரும் கேட்பதில்லை. செல்வராஜ் அவரைக் கேட்டார். ஆனால் அவருடைய காலம் குரோமியம் பெருகுவதற்கு முந்தையது. 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் தொழில் முழுதாகப் பதனிட்ட தோல், செருப்பு, ஷூ என்று திரும்பியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளின் இடத்துக்கு உருளும் பீப்பாய்களும் ரசாயனமும் வந்தன. குழியில் நின்றவரின் காலை அரித்த தண்ணீர் எங்கே போனது, யார் கிணற்றில் இறங்கியது என்பது அடுத்த நாவலின் வேலை. அது எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் நான் வாசிக்கவில்லை.

பாலாற்றுப் பக்கம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் அப்துல் ரகுமான் முப்பது ஆண்டுபோலத் தமிழ் கற்பித்தார். கவியரங்கத்துக்கும் முஷாயிராவுக்கும் ஒருசேரக் கூட்டம் வந்த ஊர் அது. பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவன் இந்த நிலத்தின் சாதியையும் பேச்சையும் புனைவுக்குள் கொண்டுவந்தார். 'தகப்பன்கொடி'யில் நிலம் கைவிட்டுப் போவது சாதியால், பத்திரத்தால், ஏமாற்றால். உப்பு செய்வது வேறு மாதிரி. பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும், வரப்பு அதே இடத்தில்தான் இருக்கும், கிணறும் நிறைந்திருக்கும். நிலம் மட்டும் இருக்காது. யார் பறித்தார் என்று விரல்நீட்ட ஒரு ஆளும் எதிரே நிற்கமாட்டார். நாவலுக்கு வில்லன் இல்லாத சிக்கல் இது. வில்லன் கிடைக்காத இடத்தில் எழுத்தாளர் நிறத்தை வில்லனாக்கிவிடுகிறார் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

வேதியியல் பாடம் நடத்த நாவல் எதற்கு என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். எனக்கு வேண்டியது பாடம் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் என்று ஒன்று வந்ததும் கதை முடிந்ததாக நாம் நம்பிவிடுகிறோம். கழிவு போன இடம் எது என்று கேட்பதை விட்டுவிடுகிறோம். தண்ணீரிலிருந்து எடுத்தது எதுவும் மாயமாவதில்லை. படிந்தது சேறாக இருக்கிறது, ஆவியாக்கியது கலப்பு உப்பாக இருக்கிறது. இரண்டையும் யாரோ ஒருவருடைய பக்கத்தில்தான் வைக்கிறார்கள்.

2015 ஜனவரி 31 விடியுமுன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நினைத்துப்பாருங்கள், அவர்களைக் கொன்றது ஆற்றில் விட்ட கழிவு இல்லை, ஆற்றில் விடாமல் பிடித்துவைத்த கழிவு. சுத்தம் செய்யும் இடத்திலேயே நடந்த சாவு. அவர்களுடைய மொழி தமிழும் இல்லை. அந்த இரவை எழுதத் தமிழ்ப் புனைவு யாருடைய பேச்சைக் கேட்கும், எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரும்? 'தோல்' எழுதிய தலைமுறைக்கு இந்தக் கேள்வி வரவில்லை, அவர்களுடைய தொழிலாளி பக்கத்துத் தெருவில் இருந்தார். இப்போது எழுதவருகிறவர்களுக்கு இது வந்தே தீரும்.

மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்தால் எங்காவது ஒரு பாலத்தடியில் நுரை பொங்கும். உடனே செல்போன் வீடியோ, உடனே செய்தி, இரண்டு மூன்று கவிதைகள். நுரை வடிந்ததும் எல்லாம் வடிந்துவிடும். நுரை பொங்காத மற்ற பத்து மாதத்திலும் அதே கிணற்றில் ஒருவர் இறைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்து மாதத்துக்கு உரைநடை வேண்டும், மெதுவான, சம்பவம் குறைந்த, வாயில் ருசி நிற்கிற உரைநடை. கேன் தண்ணீர்க்காரர் வரும் நேரத்தை வைத்து ஒரு வீட்டின் நாளை எழுதலாம். குடிக்க ஒரு குடம், சமைக்க ஒரு குடம், மற்றதுக்கெல்லாம் கிணறு என்று ஒரு வீட்டுப்பெண் பிரித்துவைக்கிற கணக்கை எழுதலாம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிற மகளும், உப்பேறிய காணியை விட்டு நகராத அப்பாவும் ஒரே வீட்டில் சாப்பிடுவதை எழுதலாம். அவள் சம்பளத்தில்தான் அந்தக் கேன் வாங்கியாகிறது. தொழிலை வெறும் எதிரியாக்கி எழுதினால் இந்தச் சாப்பாட்டு நேரம் பிடிபடாது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பழைய வழக்கில் மறுபடி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும். 1998-ஓடு இழப்புக் கணக்கை முடித்துவிட முடியாது, கெட்டது சரியாகும்வரை ஈடு தரும் பொறுப்பும் நீளும் என்பது அதன் சாரம். கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு. ஆக, கிணறுகளை மறுபடி அளப்பார்கள், கிராமப் பட்டியல் மறுபடி எடுப்பார்கள். 1991-இல் மனுப்போட்டபோது பிறந்த பிள்ளைகள் இப்போது முப்பதைத் தாண்டியிருப்பார்கள். அளக்க வருகிறவர் கையில் மீட்டர் இருக்கும். அதே கிணற்றுத் தண்ணீரை அந்தப் பிள்ளை ஒரு வாய் குடித்துக்காட்டிச் சொல்கிற வாக்கியம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்க ஆசை.